உணராத காலில் ஊற்றிய வெந்நீர்

'இன்டச்சபிள்ஸ்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தேநீர்க் காட்சி மறந்திருக்காது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த பணக்காரர் பிலிப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த புதிதில் டிரிஸ் கையில் சூடான தேநீர்ப் பாத்திரம். கவனம் வேறெங்கோ இருக்க, கொஞ்சம் பிலிப்பின் காலில் சிந்திவிடுகிறது. நிமிர்ந்து பார்க்கிறான். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நம்ப முடியாமல், வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பார்க்கிறான். அரங்கம் சிரிக்கிறது. 2011 நவம்பரில் பிரான்சில் வெளியாகி, அந்த நாட்டில் மட்டும் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்ற படம் இது. தண்டுவடம் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த இடத்தில் சிரிப்பு வராது. வயிற்றைப் பிசையும்.

ஏன் என்று சொல்லிவிட வேண்டும். 60 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீர் ஐந்து விநாடி பட்டாலே தோல் ஆழமாக வெந்துவிடும். கொதிக்கும் தண்ணீருக்கு அந்த அவகாசமும் தேவையில்லை. நரம்பு சேதி சொல்கிறதா இல்லையா என்று தோல் காத்திருப்பதில்லை. வேகிற அளவுக்கு வெந்துகொண்டேதான் இருக்கும். நமக்குச் சுட்டால் கால் தானாக விலகும், துணியை உதறுவோம், குழாயடிக்கு ஓடுவோம். பிலிப்பின் கால் விலகாது. ஊறிய துணி அந்தச் சூட்டைத் தோலோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். வந்த புண்ணும் சீக்கிரம் ஆறாது, அசையாத காலில் ரத்த ஓட்டம் மந்தம். ஆறும்வரை அந்தப் பக்கம் அழுத்தம் படக்கூடாது என்பதால் படுக்கும் பக்கங்களில் ஒன்று குறையும், மற்ற பக்கங்களின் மேல் பாரம் கூடும், அங்கே அடுத்த புண்ணுக்கு வழி பிறக்கும். ஒரு குவளைத் தேநீர் மூன்று மாதப் படுக்கையாக மாறுவது இப்படித்தான். நிஜத்தில் இதற்குத் தேநீர்ப் பாத்திரம்கூட வேண்டாம். மடியில் வைத்த லேப்டாப், சூப் கிண்ணம் வைத்த தட்டு, காரில் காலடியில் வீசும் ஹீட்டர் காற்று, யாரும் கை வைத்துப் பார்க்காத குளியல் தண்ணீர் என்று ஏதாவது ஒன்று போதும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் இந்தப் படத்தைத் தள்ளிவைக்க மனம் வருவதில்லை. படம் எதையோ சரியாகப் பிடித்திருக்கிறது. பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடம் பழுத்தவர்களுக்கும் கைகூடாத ஒன்று அந்தத் தேநீரை ஊற்றியவனிடம் இருக்கிறது. அது என்ன, அதற்கு எவ்வளவு விலை, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் தீராத கேள்வி.

போனை நீட்டுகிறவன்

பிலிப்பின் நண்பர் ஒருவர் எச்சரிக்கையோடு வருகிறார். டிரிஸ் சிறைக்குப் போய் வந்தவன், நகைக்கடைக் கொள்ளை வழக்கு, புறநகரின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வரும் பையன்களுக்கு இரக்கமே கிடையாது என்கிறார். அதுதான் தனக்கு வேண்டும் என்று பிலிப் பதில் சொல்கிறார், இரக்கம் வேண்டாம். அதற்குச் சாட்சியாக ஒரு சின்ன விஷயத்தையும் சொல்கிறார். போன் வந்தால் டிரிஸ் அதை இவர் பக்கம் நீட்டுகிறான், கை அசையாது என்பதை அவன் மறந்துவிடுகிறான். படத்தின் மையம் என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்ட வேண்டும். நாள் முழுக்க தன் உடம்பைப் பற்றிய பேச்சிலேயே வாழ்கிற ஒருவருக்கு, எதிரில் இருப்பவன் அதை மறந்துபோவது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறது.

இது கற்பனை அல்ல என்பதும் முக்கியம். ஷாம்பெய்ன் நிறுவனம் ஒன்றை நடத்திவந்த பிலிப் போஸோ தி போர்கோ 1993இல் பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்த அப்தெல் செல்லூ அல்ஜீரியாவில் பிறந்தவர், சிறைவாசம் முடிந்து வெளியே வந்திருந்தவர். சுமார் பத்து வருடம் கூடவே இருந்தார். படம் அவரைச் செனகல் வம்சாவளி டிரிஸ் ஆக்கி, ஒமர் ஸீயிடம் கொடுத்தது; சிறந்த நடிகருக்கான சேசர் விருதை வாங்கிய முதல் கறுப்பின நடிகர் அவர். இன்னொரு மாற்றம் பலருக்குத் தெரியாது. படத்தில் மனைவி இறந்த பிறகுதான் கதை தொடங்குகிறது. நிஜத்தில் விபத்து நடந்தபோது பெயத்ரீஸ் உயிரோடு இருந்தார், புற்றுநோயோடு. 1996இல் இறந்தார். ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள் இருந்த அந்த மூன்று வருடங்கள் படத்தில் இல்லை. அந்தக் கனத்தை இந்தப் படம் தாங்கியிருக்காது, இயக்குநர்கள் ஒலிவியே நகாஷும் எரிக் டோலடானோவும் அதைத் தெரிந்தேதான் விட்டிருக்க வேண்டும். படம் எடுப்பதாக இருந்தால் சிரிக்கும்படி எடுங்கள் என்று கேட்டுக்கொண்டவரே போஸோ தி போர்கோதான். லாபத்தில் ஒரு பங்கு, 5 சதவீதம், 'சிமோன் தெ சிரேன்' அமைப்புக்குப் போக வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடு. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகளைக் கட்டும் அமைப்பு அது. அவர் 2023 ஜூனில் காலமானார். கழுத்து முறிந்து முப்பது வருடம் வாழ்ந்திருக்கிறார். இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடக் கூடாது. முப்பது வருடம் என்பது யாரோ சிலருடைய கைகள் ஒருநாளும் மறக்காமல் செய்த வேலையின் கணக்கு.

நம்மூரில் 2016இல் 'தோழா'வாக வந்தபோது நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்தார்கள். அதிலும் மனதில் நின்றது நட்புதான். படத்தின் பெயர் மட்டும் தமிழுக்கு வரும்போது எதையோ இழந்துவிட்டது. பிரெஞ்சுத் தலைப்புக்குத் தொட முடியாதவர்கள் என்று பொருள். பணத்தால் எட்டாத உயரத்தில் ஒருவர், பிறந்த இடத்தால் ஒதுக்கப்பட்ட இன்னொருவன். தமிழ்க் காதில் அந்தச் சொல் வேறு கனத்தோடு விழுகிறது. மலம் எடுப்பதும் உடம்பு துடைப்பதும் யார் தலையில் விழுந்திருக்கிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தலைப்பில் இன்னொன்றும் இருக்கிறது. தோளுக்குக் கீழே எந்தத் தொடுதலையும் உணராத மனிதர் பிலிப். ஒரு நாளில் அந்த வீட்டிலேயே அதிகம் தொடப்படுகிறவரும் அவர்தான்.

மார்செலின் கைகள்

டிரிஸின் மறதி ஏன் பிலிப்பைக் கொல்லவில்லை? மார்செல் இருந்தார், அதனால். காலையில் வந்து எல்லாவற்றையும் செய்துகாட்டும் அந்த நடுத்தர வயதுப் பெண்ணைப் படம் பார்த்த பலருக்கு நினைவிருக்காது. வீட்டு நிர்வாகத்துக்கு இவோன், கடிதப் போக்குவரத்துக்கு மகாலி. டிரிஸின் துடுக்குத்தனம் இந்தப் பெண்களின் ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். பிரான்சில் சட்டப்படியான வேலை வாரம் 35 மணி. 24 மணி நேரமும் ஒருவர் கூடவே இருக்க வேண்டிய உடம்புக்கு, விடுப்பு, காய்ச்சல் எதையும் கணக்கில் எடுக்காமலே, ஏறக்குறைய ஐந்து பேர் வேண்டும். பிலிப் பணக்காரர், ஆட்களை வைத்துக்கொண்டார். பிரான்சில் 2005 பிப்ரவரி 11ஆம் தேதிச் சட்டத்துக்குப் பிறகு உதவியாளருக்கான செலவை அரசே தரும் ஏற்பாடு வந்தது. அது இல்லாத இடங்களில் இந்த ஐந்து பேரின் வேலையும் ஒரே அம்மாவின், ஒரே மனைவியின் முதுகில் ஏறுகிறது.

அந்தக் காலை வேலையில் என்னதான் இருக்கிறது? படம் சிரிப்புக்காகத் தொட்டுவிட்டுப் போகும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. இறுக்கமான நீளக் காலுறையை மாட்ட மாட்டேன் என்று டிரிஸ் முரண்டு பிடிக்கிறானே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அசையாத காலில் ரத்தம் கீழேயே தங்கிவிடும். உட்கார வைத்தவுடன் தலைக்கு ரத்தம் போதாமல் மயக்கம் வரும். அதனால் காலுறையைப் படுத்திருக்கும்போதே, கால் வீங்கும் முன்பே மாட்ட வேண்டும். எழுந்து உட்கார்ந்த பிறகு மாட்டினால் வீக்கத்தையும் சேர்த்து உள்ளே அடைப்பதுதான் நடக்கும். மாட்டியபின் உள்ளங்கையால் தடவி ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீவிவிட வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் விழும் ஒரு மடிப்பு மாலைக்குள் கயிறு கட்டிய தடம்போல் புண்ணாகியிருக்கும். பிறகு வயிற்றுப் பட்டை, அதன் மேல் விளிம்பு விலா எலும்பில் ஏறாமல். பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு உயர்த்தி சில நிமிடம், 60 டிகிரிக்கு உயர்த்தி சில நிமிடம். அதன்பிறகுதான் நாற்காலி.

தூக்கும் கருவியில் ஏற்றும்போது பயப்பட வேண்டிய விபத்து பெல்ட் அறுவது மட்டும் அல்ல. மூத்திரப் பையைக் கட்டில் கம்பியிலிருந்து கழற்ற மறப்பதும்தான். ஆள் மேலே போவார், பை கட்டிலிலேயே தொங்கும். உள்ளே 10 மி.லி. தண்ணீர் நிரப்பிய பலூன்தான் மூத்திரப் பாதையில் செருகிய குழாயான கதீட்டரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது பாதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அவருக்கு வலிக்காது, கத்த மாட்டார், ரத்தம் பையில் இறங்கும்போதுதான் தெரியும். அதனால் தூக்குவதற்கு முன் ஒரு கை எப்போதும் பையைத் தேட வேண்டும். பை, குழாய், பட்டை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறவர்கள் உண்டு. இறக்கிய பிறகும் வேலை முடிவதில்லை. இடுப்பு நாற்காலியின் பின்புறம் வரை ஒட்டியிருக்கிறதா, விரை தொடைக்கு நடுவே நசுங்கியிருக்கிறதா, கால்சட்டையின் தையல் பிட்டத்து எலும்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பாக்கெட் வைத்த ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

இந்த இடத்தில் மஸெராட்டி நினைவுக்கு வரும். வீல்சேரோடு ஏற்றும் வண்டியில் குதிரையை ஏற்றுவதுபோல் இவரை ஏற்ற மாட்டேன் என்று டிரிஸ் மறுத்து, மூடி வைத்திருந்த காரில் முன் இருக்கையில் உட்கார வைக்கிறான். அழகான காட்சி, அதில் இருக்கும் மரியாதையும் உண்மை. ஆனால் அந்தத் தோல் இருக்கையில் பிட்டத்து எலும்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வீல்சேரில் இருப்பது சாதாரணத் திண்டு அல்ல, காற்று அறைகள் கொண்ட மெத்தை. அடியில் கை விட்டுப் பார்த்தால் எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ஒன்றரையிலிருந்து இரண்டரை செ.மீ. காற்று இருக்க வேண்டும். அதிகம் ஊதினால் பந்தின் மேல் உட்கார்ந்த கதை, குறைந்தால் எலும்பு தரையைத் தொடும். காருக்கு மாறும்போது இருக்கைக்குப் பொருந்தும் ஒரு மெத்தையும் கூடப் போக வேண்டும். வளைவுகளில் உடம்பு சாயாமல் மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டையும் வேண்டும், அந்தக் கார் பாரிஸ் சாலையில் போன வேகத்துக்குக் கண்டிப்பாக வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவையாவது பின்னால் சாய்த்து இரண்டு நிமிடம் பாரத்தை மாற்ற வேண்டும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். அதுவும் முழுப் பக்கவாட்டில் அல்ல, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில். இல்லாவிட்டால் முழு எடையும் இடுப்புக் குமிழ் ஒன்றின் மேல் உட்காரும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் காற்றில் நிற்க வேண்டும்.

சிவந்திருக்கிறதா பார், விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா பார் என்பது பயிற்சிப் புத்தகங்கள் சொல்வது. நம் நிறத்துத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. டிரிஸின் தோலிலும் தெரியாது. புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், பக்கத்துத் தோலைவிடக் கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும், நிறம் கறுத்து ஊதாவாகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உலகமே அறிந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், எல்லா வசதியும் இருந்தவர், 2004இல் இறந்தபோது படுக்கைப் புண்ணில் தொற்றிய கிருமிக்குத்தான் சிகிச்சையில் இருந்தார்.

டிரிஸ் அடியோடு மறுத்த வேலை ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாதவனுக்கு அதைச் செய்ய மாட்டேன் என்று கையுறையைப் பார்த்து அலறுகிறான். மலக்குடலை வெளியேற்றும் வேலை. படத்தில் ஒரு நகைச்சுவையாக முடிந்துவிடும் அது, கழுத்தில் அடிபட்டவர் வீட்டில் ஒரு மணி நேரத்தைத் தின்னும் காலைக் கடமை. சாப்பிட்டு அரை மணி கழித்துத் தொடங்குவது உத்தமம், வயிறு நிரம்பும்போது குடல் தானாக அசையும். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, முழங்கால் மடக்கி, கையுறை இரண்டு அடுக்கு, தாராளமாக ஜெல். மலக்குடலில் வைக்கும் மருந்துக் குளிகையான சப்போசிட்டரியை மலத்துக்குள் செருகினால் வேலை செய்யாது, குடல் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். 15, 20 நிமிடம் பொறுத்து, நகம் ஒட்ட வெட்டிய விரலால் 15, 20 விநாடி மெதுவாக வட்டமாகத் தூண்டிவிட வேண்டும். ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடியும். இரண்டு முறை தூண்டியும் ஒன்றும் வராவிட்டால் முடிந்தது என்று அர்த்தம். நேரம் மாறக்கூடாது, நாள் தவறக்கூடாது. இரண்டு மூன்று நாள் விட்டால் உள்ளே கல்லாகிவிடும். அப்போது கல்லைச் சுற்றிக்கொண்டு தண்ணீராக ஒழுகும். வீட்டில் உள்ளவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை கொடுப்பார்கள். இதைவிடத் தப்பான மருந்து வேறு கிடையாது. இந்த வேலையை யார் எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு மனிதரின் மானம் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறதா, மேலே போர்வை இருக்கிறதா, செய்கிறவர் நேற்றைய மேட்சைப் பற்றிப் பேசுகிறாரா அல்லது மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறாரா.

இரவு நான்கு மணி

படத்தின் திருப்பம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். நள்ளிரவுக்குப் பிறகு பக்கத்து அறையில் இருக்கும் ஒலிபெருக்கியில் பிலிப்பின் மூச்சுத் திணறல் கேட்கிறது. டிரிஸ் ஓடி வருகிறான். ஈரத் துணியால் முகத்தைத் துடைக்கிறான். என்ன செய்வதென்று தெரியவில்லை, பயந்திருக்கிறான், ஆனால் போகவில்லை. காற்று வேண்டும் என்று முடிவு செய்து அவரை நாற்காலியில் வைத்து வெளியே கூட்டிக்கொண்டு போகிறான். ஆளில்லாத பாரிஸ், ஆற்றங்கரை, குளிர். பிலிப் தன் வலியைப் பற்றிப் பேசுவது அப்போதுதான். உறைந்த இறைச்சித் துண்டைப் பழுக்கக் காய்ந்த சட்டியில் போட்டதுபோல, ஒன்றும் உணர்வதில்லை, ஆனாலும் வேதனை இருக்கிறது என்கிறார். தேநீர்க் காட்சிக்கு இது பதில். உணராத உடம்பு வலிக்காத உடம்பு அல்ல. அறுந்துபோன நரம்புப் பாதையின் மேல் பக்கம் தானாகவே சேதி அனுப்பிக்கொண்டிருக்கும் அந்த வலிக்குக் கபாபென்டின், பிரகாபலின் என்று மாத்திரைகள் உண்டு. பலருக்குப் பாதி வலியாவது குறைந்தால் பெரிது.

அந்த அறைக்குத் திரும்பிப் போக வேண்டும். டிரிஸ் அவரை உட்கார வைத்தது சரியா?

மூச்சுதான் பிரச்சினை என்றால் அது அவ்வளவு சரியில்லை. பிலிப்புக்கு அடிபட்டது மூன்றாம் நான்காம் கழுத்தெலும்புகளுக்கு இடையே. மூச்சை இழுக்கும் உதரவிதானத்தின் நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் மட்டங்களிலிருந்துதான் புறப்படுகிறது. அவர் இயந்திரம் இல்லாமல் மூச்சு விடுவதே விளிம்பில் நடக்கும் காரியம். நமக்கெல்லாம் மூச்சு முட்டினால் எழுந்து உட்கார்வது சுகம். இவர்களுக்கு நேர் மாறு. வயிற்றுத் தசை தொய்ந்திருப்பதால் உட்கார்ந்தால் குடலெல்லாம் முன்னால் சரியும், உதரவிதானம் தட்டையாகி அதற்கு ஏறி இறங்க இடம் குறையும். மல்லாந்து படுத்தால் வயிறு அதை மேலே தாங்கிப் பிடிக்கும், மூச்சு கூடுதலாகப் போகும். உட்கார வைப்பதானால் வயிற்றுப் பட்டையைக் கட்டிவிட்டுத்தான். சளி அடைத்திருந்தால் இருமவும் பலம் இருக்காது. விலா எலும்புக் கூட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு உள்ளங்கையையும் வைத்து, மூன்று எண்ணி, அவர் இரும முயலும் அதே நொடியில் உள்ளேயும் மேலேயும் அழுத்திக் கொடுக்க வேண்டும். அவருடைய இருமலைப் பாதி நம் கை இருமுகிறது.

ஆனால் அந்த இரவில் திணறியது வேறொன்றாகவும் இருந்திருக்கலாம். நெஞ்சு முதுகெலும்பின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்ட எவருக்கும் வரக்கூடிய ஆபத்து ஒன்று உண்டு. கீழே ஏதோ ஒரு தொந்தரவு, பெரும்பாலும் காலியாக வழியில்லாமல் நிரம்பிக்கிடக்கும், உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பை. நரம்பு சேதியை மூளைக்குக் கொண்டுபோக முடியாமல் வழியிலேயே வெறிபிடித்து ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. ரத்த அழுத்தம் எகிறுகிறது. தலை வெடிப்பதுபோல் வலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்க்கும், மூக்கடைக்கும், கீழே தோல் வெளிறிப் புல்லரிக்கும், நாடி மெதுவாகும். இவர்களின் வழக்கமான மேல் அளவே 90, 100 என்றுதான் இருக்கும். அதனால் கருவியில் 145 என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் கூடத்தான் என்று ஒரு நர்ஸ் போய்விட்டால், அங்கே மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம். வழக்கமான அளவைவிட 20 முதல் 40 கூடினாலே அது அவசரம்.

இதற்கு முதல் வேலை உட்கார வைப்பது. முதுகு நேராக, கால் கீழே தொங்க. பிறகு இறுக்கமான எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும், அந்தக் காலுறையையும் வயிற்றுப் பட்டையையும் சேர்த்து. பிறகு மூத்திரக் குழாயை வயிற்றிலிருந்து பைவரை விரலால் தடவிக்கொண்டே வர வேண்டும். புரட்டிப் படுக்கவைத்தபோது தொடைக்கு அடியில் மாட்டி மடிந்திருக்கும், பத்தில் பல தடவை அவ்வளவுதான். மடிப்பை எடுத்ததும் பை நிரம்பும், தலைவலி இறங்கும். மடிப்பு இல்லை, ஆனாலும் ஒழுகவில்லை என்றால் உடம்புச் சூட்டில் உள்ள உப்புநீர் (சலைன்) 10, 15 மி.லி. மெதுவாகச் செலுத்திப் பார்க்கலாம். அடிவயிற்றை மட்டும் அழுத்தக் கூடாது. அதற்கும் வழிவிடாவிட்டால் பயிற்சி உள்ளவர் கதீட்டரையே மாற்ற வேண்டும். மூத்திரம் இல்லையென்றால் மலம், ஆனால் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவிச் சில நிமிடம் பொறுக்காமல் விரலைக் கொண்டுபோனால் அழுத்தம் இன்னும் ஏறும். அதுவும் இல்லையென்றால் தோல்: புண், உள்வளர்ந்த கால்நகம், வெந்த இடம். ஆம், காலில் ஊற்றிய வெந்நீர்கூட இதைக் கிளப்பும். பிலிப்பின் முகம் அசையாதிருந்த அந்த நேரத்தில் அவருடைய ரத்தக் குழாய்கள் அசையாமல் இருந்திருக்காது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 150ஐத் தொட்டும் காரணம் பிடிபடாவிட்டால் மருந்தும் ஆம்புலன்சும் தான் வழி.

கொடுமை என்னவென்றால், காலையில் உட்கார வைக்கும்போது வரும் மயக்கத்துக்கு வைத்தியம் இதற்கு நேர் எதிர். அங்கே பின்னால் சாய்த்துக் காலைத் தூக்க வேண்டும். இங்கே காலைத் தூக்கினால் கொன்றுவிடுவோம். ஒரே ஆள், ஒரே நாற்காலி, 'ஒரு மாதிரியா இருக்கு' என்ற ஒரே வார்த்தை. முகம் வெளிறியிருக்கிறதா, சிவந்து வியர்த்திருக்கிறதா என்ற ஒரு பார்வையில் முடிவெடுக்க வேண்டும். டிரிஸுக்கு இது எதுவும் தெரியாது. அந்த இரவில் அவன் செய்தது ஒரு ஆபத்துக்கு மருந்தாகவும் இன்னொன்றுக்கு இடைஞ்சலாகவும் இருந்திருக்கக்கூடிய காரியம். படம் நமக்குக் காட்டும் அன்பு உண்மை, அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அந்த அறையில் பிலிப்புக்கு முதலில் வேண்டியிருந்தது குழாயின் மேல் ஒரு விரல்.

இதைச் சொன்னால் டிரிஸைவிடப் பயிற்சி பெற்ற ஆளே மேல் என்று ஆகிவிடும். படம் அதையும் எதிர்பார்த்து பதில் வைத்திருக்கிறது. டிரிஸ் போன பிறகு வருகிறவர்கள் முறையாகப் படித்தவர்கள். காலுறை சரியாக இருந்திருக்கும், பை சரியான உயரத்தில் தொங்கியிருக்கும். பிலிப் தாடி வளர்த்துக்கொண்டு ஒடுங்கிப்போகிறார், கடைசியில் இவோன் டிரிஸைக் கூப்பிட வேண்டியதாகிறது. அன்று இரவு திணறலைக் கேட்டு ஓடிவந்து, ஒன்றும் தெரியாமலே பக்கத்தில் நின்றானே, அதைச் சொல்லித்தரும் பயிற்சி எங்கும் இல்லை. குழாயைத் தடவிப் பார்ப்பதை இரண்டு நாளில் சொல்லித்தந்துவிடலாம். ஷாம்பூ என்று நினைத்துக் கால் கிரீமை அவர் தலையில் தேய்த்துவிட்டு நுரை வரவில்லையே என்று கேட்டவன் அவன். அப்படிப்பட்டவனையும் மூன்று வாரத்தில் தேற்றிவிடலாம். தேறிய பிறகும் அவன் போனை நீட்டுகிறவனாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் கடினமானது. மறக்காத கை பழகப் பழக, வாயும் மறப்பதை நிறுத்திவிடுகிறது. 'இன்னிக்கு மோஷன் போச்சா' என்பதுதான் காலை வணக்கம் ஆகிவிடுகிறது. நல்ல கைகள் பலவற்றுக்கு நேர்வது இதுதான், மார்செலுக்கும் நேர்ந்திருக்கலாம்.

கபூரில் சவரம்

கடைசியில் கடலோரத்துக் கபூர் நகரத்தில், ஹோட்டல் அறையில் டிரிஸ் அவருக்குச் சவரம் செய்கிறான். தாடியை ஒரேயடியாக எடுக்காமல் விதவிதமான மீசைகளை வைத்துப் பார்த்து அவரைக் கடுப்பேற்றுகிறான். அரங்கம் இங்கேயும் சிரிக்கிறது, இங்கே யாரும் கூடச் சேர்ந்து சிரிக்கலாம். முகத்தின் உணர்வு நரம்பு மூளையிலிருந்து நேராக வருகிறது, கழுத்து முறிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. காதின் உணர்வும் அடிபட்ட இடத்துக்கு மேலிருந்தே வருகிறது, பிலிப் காதை வருடச் சொல்வதன் காரணம் அதுவே. அந்த உடம்பில் முழுசாக அவருடையதாக மிஞ்சியிருக்கும் இடம் முகம். கத்தி ஓடுவதும் நுரையின் குளிர்ச்சியும் அவருக்குத் தெரியும், வெந்நீர்த் துணி சுட்டால் சுடுகிறது என்று அவரே சொல்லுவார், வேண்டாத மீசையை வேண்டாம் என்று திட்டுவார். தாடைக்குக் கீழே, குரல்வளையைத் தாண்டி, கழுத்து முடிந்து தோள் தொடங்கும் ஏதோ ஓரிடத்தில் அந்தக் குரல் நின்றுபோகும். துணியை அதற்குக் கீழே கொண்டுபோகிறவர் முதலில் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.